வண்ணக்களஞ்சியமும் வண்ணச்சரபமும்

தமிழ்ப் புலமையுலகில் 'வண்ணம்' என்னும் சொல்லைத் தம் பெயரின் முன்னொட்டாகவே பெற்ற பெரியார் இருவரை நாம் அறிவோம். ஒருவர் வண்ணக்களஞ்சியப் புலவர். ஹமீது இபுறாஹீம் என்பது அவர்தம் இயற்பெயர். நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றை 'இராஜநாயகம்' என்னும் காப்பியமாக 1807ஆம் ஆண்டில் தந்தவர் அவரே. மற்றவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். திருநெல்வேலியில் 1839ஆம் ஆண்டு பிறந்து, விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் மடம் அமைத்து வாழ்ந்து, 1898ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தவர்.

முன்னவர் இஸ்லாமியர்; பின்னவர் முருகனடியார். ஒருவர் வாழ்ந்த காலத்தில் மற்றவர் வாழ்ந்தாரல்லர். எனினும், இருவரையும் தமிழுலகம் ஒரே சொல்லால் போற்றியது. அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது? வணக்கத்துக்கும் வண்ணத்துக்கும் உள்ள உறவு யாது? அந்த உறவில் நம் முன்னோர்க்குரிய பங்கு எவ்வளவு? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்ணம் என்பது யாது?

வண்ணம் என்பதற்கு இன்று நாம் நிறம் என்றே பொருள் கொள்கிறோம். இலக்கண நூலார் கொண்ட பொருள் வேறு. பாட்டில் ஒலி நடக்கும் நடையையே அவர்கள் வண்ணம் என்றனர். தொல்காப்பியர் தம் செய்யுளியலில் இருபது வண்ணங்களை எண்ணிக் காட்டுகிறார். வல்லெழுத்து மிக்கு வருவது வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிக்கு வருவது மெல்லிசை வண்ணம். நில்லாது உருண்டோடுவது உருட்டு வண்ணம். விரைந்து செல்வது முடுகு வண்ணம். இவ்வாறு ஒலியின் இயல்பை உற்றுக் கேட்டு வகுத்த பகுப்பு அது.

நாள் செல்லச் செல்ல இவ்விலக்கணம் மேலும் நுண்மை பெற்றது. வண்ணப்பாடல் என்பது தனியொரு பா வகையாகவே வளர்ந்தது. அதற்கென்று ஓர் இலக்கண நூல் இல்லாத குறையைத் தீர்த்தவர் தண்டபாணி சுவாமிகள். திருவாமாத்தூர்ப் பெரியாரின் 'வண்ணத்தியல்பு' அக்குறையை நீக்க எழுந்த நூலேயாகும்.

வண்ணத்தின் கட்டுமானத்தை வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என எட்டு அடிப்படைச் சந்தங்கள் உண்டு. 'பட்டு' என்னும் சொல்லில் குறிலுக்குப் பின் வல்லொற்று நிற்கிறது, அது 'தத்த'. 'பாட்டு' நெடிலில் தொடங்குவதால் 'தாத்த'. 'அன்பு' என்பதில் மெல்லொற்றும் வல்லெழுத்தும் அடுத்தடுத்து வருகின்றன, அது 'தந்த'. 'வேந்து' என்பது 'தாந்த'. 'மழை' என்பதுபோல் ஒற்றின்றி வருவது 'தன'. 'வானம்' என்பதன் முதலிரண்டு எழுத்துகள் 'தான'. 'அன்னை' என மெல்லினம் இரட்டிப்பது 'தன்ன'. 'வெள்ளை' என இடையினம் இரட்டிப்பது 'தய்ய'.

இச்சந்தங்கள் சில கூடி ஒரு துள்ளலாகும். அத்துள்ளல் மூன்று முறை அடுக்கி வந்தபின், தொங்கல் எனப்படும் சிறு முடிப்பு ஒன்று வரும். இது ஒரு கலை. இத்தகைய கலைகள் எட்டு அமைந்தால் ஒரு வண்ணம் நிறைவுறும். முதற் கலையில் எந்த இடத்தில் மெல்லொற்று வந்ததோ, எஞ்சிய ஏழு கலைகளிலும் அதே இடத்தில் மெல்லொற்றே வரவேண்டும். குறிலின் இடத்தில் நெடில் வரலாகாது. வல்லினத்தின் இடத்தில் இடையினம் வரலாகாது.

விளக்கத்தின் பொருட்டு நாமே ஒரு கலையை அமைத்துக் காட்டுவோம்.

தந்த தனன தந்த தனன தந்த தனன தனதான

என்பது சந்தக் குழிப்பு.

அன்பு பெருக இன்ப மலர நெஞ்சு குளிர நிதமோது

என்பது அதற்கேற்ற சொல்லமைப்பு. அன்பு, இன்ப, நெஞ்சு ஆகிய மூன்றும் 'தந்த'. பெருக, மலர, குளிர ஆகிய மூன்றும் 'தனன'. 'நிதமோது' என்பது தொங்கல். ஒரு கலையை அமைப்பது எளிது. இதே அச்சில் இன்னும் ஏழு கலைகளைப் பிழையின்றி வார்த்து, எதுகையும் மோனையும் பொருந்தவைத்து, பொருள் தொடர்ச்சி அறாமல், இறையன்பும் குன்றாமல் பாடி முடிப்பதன்றோ அருமை!

ஆகவே, வண்ணத்தில் அடுக்குகள் பல உள. எழுத்தின் அளவு ஓர் அடுக்கு, எழுத்தின் இனம் மற்றோர் அடுக்கு, தாளம் மூன்றாவது, எதுகை மோனை நான்காவது, இவையனைத்தின் ஊடே ஓடும் பொருள் ஐந்தாவது. ஐந்தும் ஒருங்கே நடக்கவேண்டும். ஒன்று தவறினும் செவி உடனே கண்டுபிடித்துவிடும்.

நடுநாட்டின் இசை மண்

இக்கலையின் வரலாற்றில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்குத் தனியிடம் உண்டு. பழந்தமிழர் நடுநாடு என்று வழங்கிய பகுதி இது. முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து, 1993ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டம் எனப் பிரிந்தது. பம்பையாற்றின் கரையிலுள்ள திருவாமாத்தூர் தேவாரப் பதிகம் பெற்ற பழைய ஊர். கண்ணிழந்தவர் ஒருவரும் காலிழந்தவர் ஒருவருமாக இணைந்து வாழ்ந்த இரட்டைப் புலவர்கள் கலம்பகம் பாடியதும் இவ்வூர் மீதேயாம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர், வண்ணத்தை மலையுச்சிக்குக் கொண்டு சென்றவர். ஊர் ஊராகச் சென்று அவர் பாடிய திருப்புகழில் திருவாமாத்தூரும் உண்டு. திண்டிவனத்துக்கும் புதுவைக்கும் இடைப்பட்ட மயிலம் குன்றும் உண்டு. கச்சேரிகளில் வழங்கும் ஆதி, ரூபகம், சாபு ஆகிய தாளங்களுக்குள் அடங்காத எத்தனையோ தாள நடைகள் அப்பாடல்களில் பொதிந்து கிடக்கின்றன.

அந்த அருணகிரியாரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டவர் தண்டபாணி சுவாமிகள். முருகதாசர் என்றும், திருப்புகழ்ச் சுவாமிகள் என்றும் மக்கள் அவரை அழைத்தனர். அவர் பாடியவை ஓர் இலட்சம் பாடல்களுக்கு மேற்படும் என்பர். இறைக்காட்சி தமக்குக் கிட்டவில்லையே என்னும் ஏக்கத்தில் தம் பாடல்களுள் பெரும்பகுதியைத் தாமே அழித்துவிட்டார் என்றும் சொல்வர். பாட்டு வணக்கமாகவில்லையேல் அது எதற்கு என்று கேட்ட நெஞ்சம் அது. சமயம் வேறாயினும் இவ்வேக்கத்தின் நேர்மையை நாம் உணரமுடியும்.

இதே மண்ணில் நம் சமுதாயத்தின் சுவடுகளும் ஆழப் பதிந்துள்ளன. செஞ்சிக் கோட்டையினுள் சாதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் 1717-18இல் எழுந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1714இல், இராஜா தேசிங்கு போரில் மாண்டான். அவனோடு உயிர்த்துணையாய் நின்றவன் மகபத்துகான் என்று தேசிங்குராஜன் கதைப்பாடல் கூறும். அக்கதையை ஊர்ப்புறங்களில் பாடிக் கேட்டோர், இந்துவையும் முஸ்லிமையும் ஒரே பாட்டில் வைத்தே கேட்டனர். கற்றோர் கலையாகிய வண்ணத்திலும் நிலை அதுவேதான் என்பதற்குக் காயல்பட்டினம் சான்று.

காயலில் எழுந்த திருப்புகழ்

பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் வரகவி காசிம் புலவர் காயல்பட்டினத்துப் பெரும்புலவர். அவர்தம் தமிழாசிரியர் ஒருநாள் அருணகிரியாரின் பாடலைக் கற்பிக்கும்போது, இதுபோல் பாட இனி ஒருவராலும் இயலாது என்று வியந்தார் என்றும், அச்சொல் மாணவர் உள்ளத்தில் தைத்தது என்றும் கர்ணபரம்பரைச் செய்தி கூறும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாட விழைந்த அவர், தொடங்கும் சொல் கிட்டாமல் தவித்ததாகவும், கனவில் நபிபெருமானே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்ததாகவும் அச்செய்தி தொடரும். வரகவி என்னும் சிறப்புப் பெயர் இவ்வாறு வாய்த்ததென்பது மரபு.

கனவுச் செய்தியை நம்புவோர் நம்பட்டும், ஆராய்வோர் ஆராயட்டும். கண்முன் உள்ள நூல் எவராலும் மறுக்கமுடியாத சான்று. அல்லாஹ்வின் அருளையும், அண்ணலாரின் (ஸல்) பெருமையையும், அருணகிரியார் கையாண்ட அதே வண்ணக் கட்டுக்குள் நிறுத்திப் பாடிய நூல் அது.

இதிலுள்ள இடர்ப்பாட்டைச் சிறிது எண்ணிப் பாருங்கள். அரபுப் பெயர்கள் தமிழ்ச் சந்தத்துக்கென்று பிறந்தவையல்ல. ஆயினும் தமிழெழுத்தில் எழுதியவுடன் அவற்றுக்கும் ஒரு சந்தம் அமைந்துவிடுகிறது. 'நபி' என்பது 'தன'. 'அல்லா' என்பது 'தய்யா'. 'மக்கா' என்பது 'தத்தா'. 'மதினா' என்பது 'தனனா'. 'அகமது' நான்கு குறிலாய் 'தனனன' என ஓடும். 'முகம்மது' என்பதோ 'தனன்னன' என நடுவில் மெல்லொற்று இரட்டித்து நிற்கும். ஒரு கலையில் 'முகம்மது' என்று பாடிவிட்டால், எஞ்சிய ஏழு கலைகளிலும் அவ்விடத்தில் 'தனன்னன' என்று ஒலிக்கும் சொல்லையே தேடியாக வேண்டும். சொல்லைத் தேடும்போது பொருள் நழுவலாகாது. பொருளைப் பற்றும்போது சந்தம் நழுவலாகாது. இத்தகைய கட்டுப்பாட்டுக்குள் நின்று நூல் முழுவதையும் பாடி முடித்த புலமையை என்னென்பது!

இக்கலை காயலோடு நின்றுவிடவில்லை. காசிம் புலவர் வழியில் திருப்புகழ் பாடிய இஸ்லாமியப் புலவர்கள் பின்னும் தோன்றினர். வண்ணக்களஞ்சியப் புலவர்க்கு அப்பட்டம் கிட்டியதும் வண்ணம் பாடுவதில் அவர்க்கிருந்த பேராற்றலாலேயே. 1792 முதல் 1838 வரை வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களோ கண்ணிகளாலும் கீர்த்தனைகளாலும் ஞானத்தை இசைத்து, சென்னை இராயபுரத்தில் அடங்கினார்கள்.

பின்பற்றலா, உடைமையா?

இங்கே ஒரு வினா எழுகிறது. முருகன்மீது பாடிய வடிவை எடுத்து நபிகள்மீது பாடுவது வெறும் பின்பற்றல்தானே என்று கூறுவோர் உளர். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் முழுவதையுமே இந்த ஒரு சொல்லால் ஒதுக்கிவிட நினைப்போரும் உளர். நம்மவர்களிலேயே சிலர், பிற சமயத்தார் வடிவம் நமக்கெதற்கு என்று வினவுகின்றனர். இருசாரார்க்கும் விடை ஒன்றே.

அரபுலகைப் பார்ப்போம். எட்டாம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த இமாம் கலீல் இப்னு அஹ்மத், அரபுக் கவிதைக்கு யாப்பிலக்கணம் வகுத்தார். அதுவே 'இல்முல் அரூள்'. பதினைந்து பஹ்ருகளை அவர் எண்ணிக் காட்டினார். பதினாறாவதைப் பின்வந்த அக்ஃபஷ் சேர்த்தார் என்பர். 'ஃபஊலுன்', 'மஃபாஈலுன்', 'முஸ்தஃப்இலுன்' போன்ற வாய்பாடுகளால் அவர் ஒலியை அளந்தார். நம் புலவர்கள் 'தந்த தனன' என்று அளந்ததற்கும் இதற்கும் முறையில் வேற்றுமை யாது? இரண்டும் பொருளற்ற அசைகளால் பொருளுள்ள சொல்லை நிறுக்கும் தராசுகளே.

கலீல் கண்டறிந்த அந்தப் பஹ்ருகள் இஸ்லாத்துக்கு முற்பட்டவை. அறியாமைக் காலத்து அரபியர் தம் குலப்பெருமையையும் கள்ளையும் காதலையும் பாடிய அதே யாப்புகள்தாம் அவை. அவற்றுள் ஒன்றாகிய பஸீத் என்னும் யாப்பில்தான், பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு இமாம் பூஸிரி (ரஹ்) அவர்கள் கஸீதத்துல் புர்தாவை யாத்தார்கள். நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் இன்றும் அதை ஓதுகிறோம். யாப்பு முன்னர் எதைச் சுமந்தது என்று நாம் கேட்பதில்லை. இப்போது எதைச் சுமக்கிறது என்றே பார்க்கிறோம். அரபியர்க்குப் பஸீத் எவ்வாறு தாய்மொழியின் உடைமையோ, அவ்வாறே தமிழ் முஸ்லிமுக்கு வண்ணமும் தாய்மொழியின் உடைமை. காசிம் புலவர் பிறர் வீட்டுப் பொருளை எடுத்தாரல்லர். தம் பாட்டன் வீட்டுப் பொருளையே எடுத்தாண்டார்.

பிற நாடுகளிலும் இதே செய்தியைக் காண்கிறோம். துருக்கி நாட்டில் மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் வழிவந்த மௌலவியா தரீக்காவினர், 'ஆயின்' என்னும் இசைத்தொகுப்பை நான்கு 'ஸலாம்' பகுதிகளாக வகுத்து, அப்பகுதிகளுக்கு ஏற்ற தாள வகைகளையும் வகுத்துக்கொண்டனர். வடநாட்டில் அமீர் குஸ்ரு (ரஹ்) பாரசீகக் கவிதையையும் இந்நாட்டு இசையையும் இணைத்தார். மண்ணின் இசையை அல்லாஹ்வின் நினைவுக்குப் பணி செய்யவைப்பது உலக முஸ்லிம்கள் பலரும் கைக்கொண்ட வழியேயாகும்.

இசை பற்றிய கருத்து வேறுபாடு

இசை குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. இசைக்கருவிகளை முற்றும் விலக்கியோரும், தஃப் போன்றவற்றை அனுமதித்தோரும், நிபந்தனைகளோடு ஏற்றோரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் பணியன்று. அதற்குரியவர்கள் உலமாப் பெருமக்களே. எனினும் வண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்லலாம். வண்ணத்துக்குக் கருவி தேவையில்லை. தாளம் தோலிலும் நரம்பிலும் இல்லை, எழுத்திலேயே இருக்கிறது. சொல்லைச் சொல்லியவாறு சொன்னாலே சந்தம் பிறந்துவிடும். நாவும் மூச்சும் போதும்.

திருக்குர்ஆன் கவிதையன்று, அதனோடு எப்பாட்டையும் ஒப்பிட நாம் துணியோம். ஆனால், தஜ்வீது கற்ற சிறுவன் ஒருவன் வண்ணத்தை விரைவில் பற்றிக்கொள்வான் என்பதை நாம் சொல்லலாம். எழுத்தின் பிறப்பிடம் அறிதல், நீட்டலின் அளவு அறிதல், நிறுத்தும் இடம் அறிதல் ஆகிய பயிற்சியை மதரஸாவில் அவன் பெற்றிருக்கிறான். செவியும் நாவும் அவ்வாறு பழகியோர் நிறைந்த சமுதாயத்தில் வண்ணப் புலவர்கள் தோன்றியதில் வியப்பில்லை.

இழப்பும் மீட்பும்

இத்தகைய செல்வத்தின் இன்றைய நிலை யாது? காசிம் புலவரின் திருப்புகழைப் பெயரளவில் அறிந்தோர் பலர், படித்தோர் சிலர், பாடக்கூடியோர் மிகமிகச் சிலர். ரபீவுல் அவ்வல் மாதத்தில் மௌலிது ஓதும் வீடுகளில்கூட, தமிழில் இப்படியொரு புகழ்மாலை உண்டென்பதை அறியாத இளைஞர்களே மிகுதி.

அருணகிரியாரின் பாடல்களும் ஒரு காலத்தில் இந்நிலையில்தான் இருந்தன. ஏடுகள் சிதறிக் கிடந்தன, பாடுவோர் அருகினர். 1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான வழக்கொன்றில் திருப்புகழ்ப் பாடல் சான்றாகக் காட்டப்பட்டதை அறிந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்னும் நீதித்துறை அலுவலர், அன்றிலிருந்து ஏடு தேடி அலைந்தார். 1894இல் முதற்பகுதியும், 1901இல் இரண்டாம் பகுதியும் அச்சேறின. ஒரு மனிதரின் முயற்சியால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உயிர் பிழைத்தன. பின்னர், 1889 முதல் 1934 வரை வாழ்ந்த காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை போன்ற லயமேதைகள் அவற்றைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தனர்.

இவ்வரலாற்றில் நமக்கொரு நம்பிக்கை உண்டு. அருணகிரியார் பாடிய பழைய பண்ணும் மெட்டும் மறைந்துவிட்டன. இன்று பாடப்படும் இராகங்கள் பின்வந்தோர் அமைத்தவையே. ஆனால் தாளம் மறையவில்லை. அது எழுத்துக்குள் புதைந்திருந்ததால் பிழைத்துக்கொண்டது. காசிம் புலவரின் திருப்புகழுக்கும் இது பொருந்தும். நூல் இருக்கும்வரை சந்தம் இருக்கிறது. படித்து உரக்கச் சொன்னால் அது எழுந்து வரும். அதை எழுப்பும் நாவுதான் வேண்டும்.

நம் அறிஞர்கள் வாளாவிருந்தாரல்லர். 1973ஆம் ஆண்டு திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு, நம் நூற்செல்வத்தின் பரப்பை உலகுக்கு உணர்த்தியது. ஈழம் தந்த பேராசிரியர் ம. மு. உவைஸ், நம் காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் தேடித் தொகுத்து வரலாறு எழுதினார். நூல்களைக் காப்பாற்றும் பணி ஓரளவு நடந்தது. ஒலியைக் காப்பாற்றும் பணியே எஞ்சியிருக்கிறது.

அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. வீட்டுப் பரணில் பழைய அச்சு நூல் இருந்தால், அதைக் கறையானுக்கு விடாமல் நூலகத்துக்கோ கல்லூரிக்கோ படியெடுக்கக் கொடுக்கலாம். பாட்டனாரோ பாட்டியாரோ ஒரு முனாஜாத்தை, ஒரு வண்ணத்தை, ஒரு கண்ணியைக் குறிப்பிட்ட மெட்டில் பாடக் கேட்டிருந்தால், இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைப்பேசியிலேயே அதைப் பதிந்து வைக்கலாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழ் பயிலும் நம் பிள்ளைகள், மயிலத்தின் தமிழ்க் கல்லூரியிலோ பிற கல்லூரிகளிலோ யாப்புப் பாடம் கேட்கையில், வண்ணத்தியல்பை ஒரு கையிலும் காசிம் புலவர் திருப்புகழை மறு கையிலும் வைத்துக்கொண்டு, எந்தச் சந்தம் எங்கே வந்துள்ளது என்று குறித்துப் பார்க்கலாம். அதற்குத் தமிழாசிரியர் ஒருவரின் துணை கிட்டினால் இன்னும் நன்று. அந்த ஆசிரியர் திருநீறு அணிந்தவராயின் மேலும் நன்று. காயலில் அந்நாளில் நிகழ்ந்ததும் அதுவன்றோ!

வண்ணக்களஞ்சியம் என்று நம்மவர் ஒருவரைத் தமிழுலகம் அழைத்தது. களஞ்சியம் என்பது நிறைத்து வைக்கும் இடம். விதை நெல்லைக் களஞ்சியத்திலேயே வைத்திருந்தால் அது உளுத்துப்போகும். எடுத்து விதைத்தால்தான் அடுத்த பருவம் உண்டு. நம் பிள்ளைகளின் நாவே அதற்குரிய நிலம். அந்நிலத்தில் இவ்விதையைத் தூவும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.